அப்பா தனியே சூடாக்கிச் சாப்பிட: வீட்டில் மைக்ரோவேவ் பாவிக்கும் முறை

இலங்கையின் வடக்கில், பரந்தனுக்குக் கிட்ட எங்கள் வீடு. காலை ஆறரைக்கு நான் பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏறினால் திரும்பி வர மூன்று மணியாகிவிடும். அதுவரை வீட்டில் அப்பா மட்டும்தான். 2009 இல் ஷெல் பட்டு அவருடைய வலது கை மணிக்கட்டோடு போனது. மற்றக் கையால் தென்னைக்குத் தண்ணீர் விடுவார், சைக்கிள் ஓடுவார், கோழிக்கூடு திருத்துவார். அடுப்பிலிருந்து சட்டி இறக்குவதுதான் சரிவரவில்லை. சட்டியைப் பிடித்தால் மூடியைப் பிடிக்கக் கை இருக்காது. ஒருநாள் சொதிச் சட்டி சரிந்து காலில் கொட்டி, மூன்று கிழமை புண்ணோடு கிடந்தார். அதற்குப் பிறகுதான் லண்டனில் இருக்கிற தம்பி மைக்ரோவேவ் ஒன்றை அனுப்பினான்.

பெட்டி வந்து இறங்கியபோது எங்களுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் படித்த ஆள் நான். ஒவ்வொன்றாகத் தேடிப் படித்து, பிழை விட்டுத் திருத்தி, அப்பா தனியே பாவிக்கக்கூடிய மாதிரி எல்லாவற்றையும் ஒழுங்குசெய்ய இரண்டு மாதம் எடுத்தது. வீட்டில் தனியே இருக்கிற அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இந்தப் பெட்டியை வாங்கிக் கொடுக்க நினைக்கிறவர்கள் அந்த இரண்டு மாதத்தைச் செலவழிக்கத் தேவையில்லை என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெட்டி எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதை முதலில் பாருங்கள். எங்கள் நாட்டுக் கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் அதேதான். கனடாவிலும் அமெரிக்காவிலும் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்குக் கனடாவிலிருந்து சாமான்களோடு ஒரு மைக்ரோவேவ் வந்தது. பிளக் பொருந்தவில்லை என்று பிளக்கை மட்டும் வெட்டி மாற்றினார்கள். சுவிச்சைப் போட்டதும் உள்ளே டப் என்று ஒரு சத்தம், பிறகு கருகின மணம், அவ்வளவுதான். வோல்டேஜைக் குறைக்கிற ட்ரான்ஸ்போமர் ஒன்றை இடையில் வைக்கலாமே என்று கேட்பார்கள். 1200, 1300 வாட் இழுக்கிற சாமானுக்கு ஏற்ற ட்ரான்ஸ்போமர் பெரியது, பாரமானது. அதை வைத்தாலும், 60 ஹேர்ட்ஸுக்கென்று செய்த உள்பாகம் 50 இல் ஓடும்போது அளவுக்கு மீறிச் சூடாகும். கனடாவில் இருக்கிற சொந்தக்காரரிடம் "பெட்டி வேண்டாம், இங்கேயே வாங்கிக்கொள்கிறோம்" என்று நேரே சொல்லிவிடுங்கள்.

ஜெர்மனி, பிரான்ஸ், சுவிஸ் பெட்டிகளுக்கு வோல்டேஜ் சரி, ஆனால் பிளக் வேறு. அந்த உருண்டைப் பிளக்கை எங்கள் பழைய மூன்று ஓட்டைப் பொயின்ட்டுக்குள் எப்படியாவது தள்ளிவிடலாம், பெட்டியும் ஓடும். ஆனால் எர்த் தொடாது. உள்ளே கரண்ட் கசிந்தால் இரும்புக் கூடு முழுக்க ஏறும், தொடுகிறவர் கையில் அடிக்கும். பச்சையும் மஞ்சளுமாகக் கோடு போட்ட வயர்தான் எர்த். அந்தப் பிளக்கை வெட்டிவிட்டு, எர்த்தையும் சேர்த்து 13 அம்பியர் சதுரப் பிளக் ஒன்றை ஒரு எலெக்ட்ரீசியனைக் கொண்டு பூட்டுங்கள்.

எங்களுடையது வீட்டுத்திட்ட வீடு. வயரிங் செய்தபோது லைட்டும் பேனும் ரீவியும்தான் மனத்தில் இருந்தன. அந்த லைனிலேயே மைக்ரோவேவைச் செருகினோம், அதுவும் எக்ஸ்டென்சன் வயரில். பத்தாம் நாள் வயரின் தலைப்பக்கம் இளகிக் கறுத்திருந்தது. 800 வாட் என்று எழுதிய பெட்டி, சாப்பாட்டுக்குள் போடுகிற சூடுதான் 800. சுவரிலிருந்து இழுப்பது 1200 க்கு மேல். அதை ஐந்து அம்பியர் பொயின்ட்டும் மெல்லிய வயரும் நெடுகத் தாங்காது. போர்டிலிருந்து 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் தனி லைன் இழுத்து, 13 அம்பியர் பொயின்ட் ஒன்று போட்டோம். செலவு வந்ததுதான். ஆனாலும் பெட்டி வாங்கக் காசு ஒதுக்குகிறபோதே இதற்கும் சேர்த்து ஒதுக்குங்கள். போர்டில் இருக்கிற, கரண்ட் கசிந்தால் தானே விழுகிற ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானையும் மாதம் ஒருமுறை அமத்திப் பாருங்கள், அமத்தினதும் விழவேண்டும்.

லைட் பில் கூடுமே என்று அப்பா முதலில் தொடவே பயந்தார். கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் ஓடினால் 0.2 யூனிட், மாதத்துக்கு 6 யூனிட். 60 யூனிட் எல்லையில் நிற்கிற வீடுகள் மட்டும் கவனிக்கவேண்டும், அதைத் தாண்டினால் கட்டணப் படி மாறிவிடும்.

எங்கே வைப்பது என்பதிலும் ஒரு பிழை விட்டோம். குசினிக்குள் விறகடுப்புக்கு அருகில் வைத்தோம். புகைக்கரியும் எண்ணெய்ப் பசையும் காற்றுத் துவாரத்தில் படியும், அந்தச் சூட்டுக்குப் பல்லி வந்து உள்ளே குடியிருக்கும். பல்லி உள்ளே பலகையில் இரண்டு கம்பியைத் தொட்டுச் செத்தால் பெட்டியும் சேர்ந்து போகும். இப்போது உள்விறாந்தையில், அப்பாவின் இடுப்புக்குச் சற்று மேலான உயரத்தில் ஒரு கட்டையான மேசையில் இருக்கிறது. பின்னாலும் பக்கங்களிலும் பத்துச் சென்ரிமீற்றர், மேலே முப்பது சென்ரிமீற்றர் காற்றோட இடம் விட்டிருக்கிறோம். அழகுக்காகப் பூவேலைத் துணி போட்டு மூடுகிற பழக்கம் எங்கள் பெண்களிடம் உண்டு; ஓடும்போது அந்தத் துணி மேலே கிடக்கக் கூடாது. உயரம் முக்கியம். முகத்துக்கு நேரே பெட்டி இருந்தால் சூடான கோப்பையைத் தலைக்கு மேலிருந்து இறக்குவதுபோல ஆகிவிடும். பெட்டிக்குப் பக்கத்திலேயே, கதவின் பிணைச்சல் இல்லாத பக்கத்தில், ஒரு கோப்பை வைக்கிற அளவுக்கு வெறும் இடம் இருக்கட்டும். அப்பா எடுத்த கையோடு அங்கே வைக்கிறார். சூட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கிற வேலையே இல்லை.

வாங்குவதாக இருந்தால், திருகிற குமிழ் இரண்டு உள்ளதைத் தேடுங்கள், ஒன்று சூட்டுக்கு, ஒன்று நேரத்துக்கு. தொடு பொத்தான் நிறைந்தது எங்களுக்கு வந்தது; அப்பாவுக்கு எழுத்துத் தெரியவில்லை. முப்பது விநாடி கூட்டுகிற பொத்தானில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு தடித்த பொட்டு வைத்தேன். அதை நான்கு தரம் அமத்தினால் இரண்டு நிமிடம். விரலால் தடவினாலே தெரிகிறது. மற்றப் பொத்தான்களை அவர் இன்றுவரை தொட்டதில்லை, தேவையும் வரவில்லை.

சரி, சூடாக்கும் விதத்துக்கு வருவோம். இந்தப் பெட்டிக்குள் நெருப்பும் இல்லை, காய்ந்த கம்பியும் இல்லை. மக்னெட்ரோன் என்கிற ஒரு குழாய் 2.45 கிகாஹேர்ட்ஸ் அலையை விடுகிறது. ராடாருக்காக உருவான குழாய் அது. 1945 இல் அமெரிக்காவில் பேர்சி ஸ்பென்சர் என்ற பொறியியலாளர் அதன் கிட்ட நின்றபோது சட்டைப்பைக்குள் இருந்த இனிப்பு இளகியதிலிருந்துதான் இந்த அடுப்பு பிறந்தது என்பார்கள். போருக்குச் செய்த ஒன்று எங்கள் வீட்டில் அப்பாவுக்குச் சோறு சூடாக்குகிறதே என்று அதைப் படித்த அன்று எனக்கு மனம் நிறைந்தது. அந்த அலை சாப்பாட்டில் இருக்கிற தண்ணீரைத்தான் முக்கியமாகப் பிடித்து ஆட்டுகிறது. அந்த ஆட்டம்தான் சூடு. அலை மேலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆழத்துக்குத்தான் போகும். பெட்டிக்குள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் விழாது. சில இடத்தில் கூட, சில இடத்தில் குறைய. அதனால்தான் தட்டுச் சுற்றுகிறது.

இதிலிருந்தே எல்லா வழியும் வருகிறது. தண்ணீர் வேண்டும், ஆகவே தெளிக்கவேண்டும். ஆவி போகக் கூடாது, ஆகவே மூடவேண்டும். நடுப்பக்கம் குளிர்ந்து கிடக்கும், ஆகவே பாதியில் நிறுத்திக் கிளறவேண்டும். சூடு உள்ளே பரவ நேரம் வேண்டும், ஆகவே நின்ற பிறகும் இரண்டு நிமிடம் விடவேண்டும். கடைசி இரண்டையும்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் ஒரேயடியாக வைத்துவிட்டு, ஓரம் கல்லாகி நடு ஐஸாக இருக்கிறது என்று பெட்டியைக் குறைசொல்லுகிறார்கள்.

எங்கள் வீட்டு மதியச் சாப்பாட்டைச் சொல்கிறேன். காலை ஐந்து மணிக்குச் சோறு வடித்ததும் அகலமான தட்டில் பரவி ஆறவிடுவேன். ஆறினதும் கண்ணாடிக் கோப்பையில் ஓரம் உயர்த்தி, நடுவில் பள்ளம் விட்டு, கறியைப் பக்கத்தில் வைத்து, ஆறு மணிக்கு முன் பிரிட்ஜுக்குள் வைப்பேன். நடுவில் பள்ளம் இருந்தால் சூடு சமமாகப் பிடிக்கும். மதியம் அப்பா இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடியைச் சற்றுச் சரித்து வைத்து, இரண்டு நிமிடம் விடுவார். நின்றதும் எடுத்து, கிளறி, இன்னும் ஒரு நிமிடம். பிறகு இரண்டு நிமிடம் தொடமாட்டார். முழுக் கோப்பையிலும் ஆவி பறக்கவேண்டும். கையால் தொட்டு எங்காவது குளிர்ந்தால் மறுபடியும் முப்பது விநாடி.

சோற்றைப் பற்றி இன்னொன்றையும் சொல்லவேண்டும். காலையில் வடித்த சோற்றை மேசையில் மூடி வைத்துவிட்டு ஒரு மணிக்கு மைக்ரோவேவில் கொதிக்கச் சூடாக்கினால் சரிதானே என்று நினைக்காதீர்கள். எங்கள் வெயிலில் அந்த ஏழு எட்டு மணித்தியாலத்தில் சோற்றில் வளருகிற ஒரு கிருமி நஞ்சு விட்டுவிடும். கிருமி செத்தாலும் நஞ்சு சூட்டில் அழியாது. ஆறினதும் பிரிட்ஜுக்குள் போகாத சோற்றை இந்தப் பெட்டி காப்பாற்றாது. கரண்ட் நெடுநேரம் நின்ற நாட்களில் பிரிட்ஜுக்குள் இருந்ததையும் யோசித்துத்தான் எடுக்கவேண்டும். 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்கூடக் கரண்ட் நின்றது நினைவிருக்கும்.

பிட்டுக்கு ஈரத்துணி போட்டு மூடி ஒரு நிமிடம். குரக்கன் பிட்டு என்றால் தண்ணீர் கொஞ்சம் கூட. இடியப்பம் இரண்டு மூன்றுக்கு ஈரத்துணியோடு முப்பது விநாடி போதும், பஞ்சு மாதிரி வரும். பாணைப் பத்து விநாடிக்கு மேல் வைத்தால் ஆறினதும் மரக்கட்டைதான். வடை, பொரித்த மீன், பராட்டா எல்லாம் நமத்துப்போகும், அவற்றைத் தாச்சியில் சூடாக்குங்கள். வற்றாளங்கிழங்கை முள்ளுக்கரண்டியால் நாலு பக்கமும் குத்தி, ஈரக் கடதாசி சுற்றி ஐந்து ஆறு நிமிடம் வைத்தால் நன்றாக அவியும். மரவள்ளியை அப்படிச் செய்யவேண்டாம். அதை நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து, தண்ணீரை ஊற்றிவிடுகிற பழைய முறையே சரி. அப்பளம் எண்ணெயில்லாமல் ஒரு நிமிடத்துக்குள் பொரிந்துவரும். நந்திக்கடல் இறால் கிடைத்த நாளில் பிரட்டலை மறுநாளைக்கு வைத்தால், பாதிச் சூட்டில் வைத்துச் சூடாக்குங்கள். முழுச் சூட்டில் இறால் ரப்பராகும். பாதிச் சூடு என்றால் அலை குறைகிறது என்றில்லை. அநேகமான பெட்டிகளில் அலை விட்டு விட்டு வரும், காது கொடுத்தால் இரைச்சல் மாறுவது கேட்கும். அந்த இடைவெளியில்தான் சூடு உள்ளே பரவுகிறது.

வைக்கவே கூடாதவற்றையும் அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். முட்டையைக் கோதோடு வைத்தால் வெடிக்கும். அவித்து உரித்த முட்டைகூட, எடுத்துக் கடிக்கும்போது வாயில் வெடிக்கலாம். எண்ணெயைத் தனியே சூடாக்கக் கூடாது. செத்தல் மிளகாய் வறுத்தால் கதவு திறந்ததும் கண்ணும் மூச்சும் அடைபடும். குழந்தையின் பால் போத்தலை வைக்கவேண்டாம், போத்தல் குளிர்ந்திருக்க உள்ளே பால் ஒரு பக்கம் கொதித்திருக்கும். சுடுதண்ணீரில் போத்தலை வைத்துச் சூடாக்குங்கள். வெறும் தண்ணீரைக் கொதிக்க வைப்பதிலும் ஒரு ஆபத்து உண்டு. வழுவழுப்பான கோப்பையில் தண்ணீர் குமிழ் விடாமலே கொதிநிலையைத் தாண்டி நிற்கும், அசைத்ததும் அல்லது தேயிலை போட்டதும் ஒரேயடியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். உள்ளே ஒரு மரக்கரண்டியைப் போட்டே வையுங்கள், நின்ற பிறகு ஒரு நிமிடம் பொறுத்து எடுங்கள்.

பாத்திரத்தில்தான் எங்களுக்கு உண்மையான ஆபத்து வந்தது. ஒரு நாள் நான் சமைக்க முடியாமல் கடையில் சோற்றுப் பார்சல் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனேன். அப்பா அதைப் பிரிக்காமல் லஞ்ச் சீற் என்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாளும் பத்திரிகைக் கடதாசியுமாக உள்ளே வைத்துவிட்டார். இரண்டாவது நிமிடத்தில் கடதாசி பற்றிக்கொண்டது. அன்றைக்கு அவர் செய்தது மிகச் சரி: கதவைத் திறக்காமல் சுவர் சுவிச்சை நிறுத்தி, பிளக்கையும் இழுத்துவிட்டார். காற்றில்லாமல் நெருப்புத் தானே அணைந்தது. கதவைத் திறந்திருந்தால் காற்றுக் கிடைத்து வெளியே எரிந்திருக்கும். லஞ்ச் சீற், ஐஸ்கிரீம் பெட்டி, மாஜரின் பெட்டி, ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டி எல்லாம் இளகிச் சாப்பாட்டில் சேரும். வீட்டில் நிறையக் கிடக்கிற மெலமைன் கோப்பைகள் உடையாதவை, ஆனால் இதற்கு ஆகாது. சில்வர், அலுமினியம், தங்கக் கோடு போட்ட பீங்கான் எல்லாம் பொறி பறக்கும். கண்ணாடி, கோடில்லாத பீங்கான் நல்லது. சந்தேகமான பாத்திரம் உலோகமோ பொன்கோடோ இல்லாததென்றால், அதை வெறுமையாக வைத்து, பக்கத்தில் ஒரு கோப்பை தண்ணீரும் வைத்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். தண்ணீர் சுட்டு, பாத்திரம் குளிர்ந்திருந்தால் பாவிக்கலாம். பாத்திரமே சுட்டால் வேண்டாம்.

ஒரு கைக்காரருக்கு இன்னும் இரண்டு சொல்கிறேன். கோப்பைக்குக் கீழே நனைத்துப் பிழிந்த துணியை மேசையில் விரித்தால், கிளறும்போது கோப்பை ஓடாது. மூடியைத் திறக்கும்போது முகத்துக்கு எதிர்ப்பக்க ஓரத்தை முதலில் தூக்கப் பழக்குங்கள், ஆவி அந்தப் பக்கம் போகும். அடுப்புச் சூட்டைப்போலவே ஆவியும் தோலை உரித்துவிடும்.

பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் வந்து கேட்டார்: "பிள்ளை, எனக்கு முதுகிலை ஷெல் துண்டு கிடக்குது. உந்தப் பெட்டிக்குக் கிட்ட நான் நிக்கலாமோ? இரும்பு உள்ளே போனால் பொறி பறக்குமெண்டு சொல்லுறியள்." இந்தக் கேள்வி எங்கள் மண்ணில் பலர் மனத்தில் இருக்கும், கேட்க வெட்கப்படுவார்கள். பயப்படவேண்டாம். பெட்டியின் இரும்புக் கூடும் கதவுக் கண்ணாடிக்குள் இருக்கிற ஓட்டை வலையும் அலையை உள்ளேயே மறிக்கின்றன. கதவிலிருந்து 5 சென்ரிமீற்றரில் சதுர சென்ரிமீற்றருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியக் கூடாது என்பது சர்வதேச அளவு. அதுவும் தள்ளி நிற்க நிற்க வேகமாகக் குறையும். உடம்புக்குள் இருக்கிற துண்டை அது ஒன்றும் செய்யாது. அந்தத் துண்டைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டிய இடம் எம்ஆர்ஐ ஸ்கான் எடுக்கிற இடம். அங்கே இருப்பது பலமான காந்தம், உடம்பில் ஷெல் துண்டு உள்ளவர்கள் ஸ்கானுக்கு முன் டொக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்களும் தங்கள் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சாப்பாட்டில் கதிர் தங்கிவிடும் என்பதும் பிழை. பெட்டி நின்றதும் அலையும் நின்றுவிடும், லைட்டை நூர்த்ததும் வெளிச்சம் போவதுபோல.

ஆனால் கதவு நன்றாக இருக்கவேண்டும். கண்ணாடி வெடித்தால், பிணைச்சல் தளர்ந்தால், கதவு திறந்திருக்கும்போதும் ஓடினால், அன்றோடு நிறுத்துங்கள். எவ்வளவு கெட்டிக்காரத் தம்பி ஆனாலும், ரீவி திருத்துகிற ஒருவரை வீட்டில் வைத்துக் கூட்டைக் கழற்ற விடாதீர்கள். உள்ளே 2000 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கை இழுத்த பிறகும், கரண்டைச் சேர்த்து வைக்கிற கபாசிற்றரில் ஆளைக் கொல்லுகிற அளவுக்குக் கரண்ட் நிற்கலாம். இதற்கென்று பழகினவர்தான் தொடவேண்டும்.

சூடு குறைந்தால் பழுது என்று உடனே முடிவுசெய்யவேண்டாம். 250 மில்லிலீற்றர் தண்ணீர் 800 வாட் பெட்டியில் கொதிக்க ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகும். அதை மதியம் ஒருதரம், இரவு ஏழு மணிக்கு ஒருதரம் பாருங்கள். எங்கள் வீட்டில் இரவில் கிட்டத்தட்ட மூன்று நிமிடம் எடுத்தது, லைன் கடைசியில் இருக்கிற வீடென்றபடியால் வோல்டேஜ் இறங்குகிறது. இடி மின்னல் காலத்தில், சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர மழைக்கு இருட்டினாலே, சுவிச்சை நிறுத்தினால் போதாது, பிளக்கை இழுத்துவிடுங்கள். கரண்ட் போய் வந்தாலும் பத்து நிமிடம் கழித்தே செருகுங்கள்.

துப்புரவு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் வேலை. ஒரு கோப்பைத் தண்ணீரில் பாதித் தேசிக்காயைப் பிழிந்து, மரக்கரண்டியும் போட்டு மூன்று நிமிடம் ஓட்டி, ஐந்து நிமிடம் கதவைத் திறக்காமல் விடுவார். பிறகு பிளக்கை இழுத்துவிட்டுத் துணியால் துடைத்தால் காய்ந்த கறியெல்லாம் வந்துவிடும். உள்ளே, அநேகமாக வலப்பக்கச் சுவரில், கடதாசி மட்டை மாதிரி ஒரு தகடு இருக்கும், அலை வருகிற வாசல் அது. அதை இழுக்காமல், மேலே ஒட்டின எண்ணெயை மட்டும் மெல்லத் துடைக்கவேண்டும். எண்ணெய் படிந்தால் அங்கேயே கருகிப் பொறி பறக்கும். கதவோர இடுக்கை அவர் கடைசியில் துடைப்பார், ஒரு சோற்றுப் பருக்கை அங்கே ஒட்டியிருந்தாலும் கதவு இறுக்கமாகப் பூட்டாது.